ஒற்றைக் கொடி ஊர்வலம்

"யோவ், நீ போட்ற கோஷத்துக்கு எழுந்து வர்றதுக்கு மொதலாளி இன்னா பக்கத்து வூட்லயா பட்த்துகினு கீறான்?"

சோறு வடித்துக்கொண்டே கத்தினாள் இரும்புலியூர் கிளியம்மாள். புருஷன் தட்சிணாமூர்த்தி கொடிக்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சானடோரியம் பக்கம் இரும்பு வார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. தொண்ணூறில் பூட்டினார்கள். ஆரம்பத்தில் கேட் வரைக்கும் தினமும் ஊர்வலம், ஜி.எஸ்.டி. ரோடே அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருத்தன் ஆட்டோ ஓட்டப் போனான், ஒருத்தன் வாட்ச்மேன் ஆனான். கடைசியில் மிஞ்சியது இவன் ஒருத்தன்தான்.

"பர்மிஷன் கீதா?" என்று தாம்பரத்தில் போலீஸ்காரர் மறித்தார்.

"ஊர்வலம்னா நாலு பேரு வேணும் சார். நான் சும்மா நடக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் தோத்தாத்ரி வந்து சேர்ந்தார். ரயில்வேயில் ரிட்டயரானவர், சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அவருக்கோ தெருநாய் என்றால் உயிர் போகும். கொடிக்கம்பைக் கண்டால் நாய் ஒதுங்குகிறது என்று இவன் கூடவே ஒட்டிக்கொண்டார். இவன் "வேலை கொடு!" என்றால் அவரும் "வேலை கொடு!" என்பார்.

"பென்ஷன் வாங்கறீங்களே சார், உங்களுக்கு எதுக்கு வேலை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள் கிளியம்மாள்.

"கத்தினா நெஞ்சுக்கு நல்லதும்மா!"

வாய்தான் திட்டும். கொடியைத் துவைத்துக் காயவைப்பதும் அவள்தான். அடுத்த வீட்டுக் குப்புராஜுக்கும் அதே கம்பெனிதான். பூட்டிய மாசமே கட்டிலில் விழுந்தான். பொங்கலுக்குள் பாடை கட்டினார்கள். நோய் என்று ஒன்றும் இல்லை, போக ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான். இட்லி விற்று இரண்டு வயிற்றைக் கழுவிவிடலாம். படுத்துவிட்டவனை எதை விற்று எழுப்புவது?

ஒரு செவ்வாய்க்கிழமை தட்சிணாமூர்த்தி போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கேட்டே இல்லமே. மதில இட்ச்சிட்டான். மிஷினெல்லாம் லாரில போவுது."

கொடியை மூலையில் சாய்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். மறுநாளும் எழவில்லை, சோறும் தொடவில்லை. கிளியம்மாள் இட்லிக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

விடிந்ததும் வாசலில் தோத்தாத்ரி குரல். "தட்சிணாமூர்த்தி, மணி ஆறாயிடுத்தேப்பா!"

"எழுந்திருய்யா, சாரு நிக்கிறாரு."

"எங்கமே போறது?"

"வண்டலூருக்குப் போ. கூண்டுல கீற புலிக்கு வேலை கேளு. உன் மொதலாளிய விட அது நல்லாக் காது குடுக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தான். அவள் பொட்டலத்தைப் பிரித்து அவன் காலடியில் வைத்தாள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அவன் ஜென்மத்தில் ஷூ போட்டதில்லை. காலை நுழைத்து, எழுந்து நின்று, ரெண்டு எட்டு வைத்துப் பார்த்தான்.

"இன்னா வெலமே?"

"அறுவத்தெட்டு ரூவா. தேயற வரிக்கும் நடந்து கழி."