இடிச்ச சம்பலும் அந்த ஒரு மணி நேரமும்

ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் பாதி குடித்து முடிவதற்குள் என் மனுசன் கொரில்லாக் கதையைத் தொடங்கிவிடுவார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் உகண்டாவுக்குப் போய்வந்த கதை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொல்லுவார். ஒரே குறை, காட்டில் அவர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் போனவள் நான். அவரைப் பார்க்கவிடாமல் பண்ணினவளும் நான்தான்.

கொரில்லாவைப் பார்க்கும் ஆசை அவருக்கு நோர்வேயின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்ட் நகரத்தில் பிடித்தது. அகதியாக வந்த புதிதில் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. மாலையில் முகாமில் தொலைக்காட்சி ஓடும், நோர்வீஜிய மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஒருநாள் கொரில்லாக்களைக் காட்டினார்கள். குட்டி தகப்பனின் காதைப் பிடித்து இழுத்ததாம். தகப்பன் கோபிக்காமல் அதைத் தூக்கி மற்றத் தோளில் வைத்ததாம். "அண்டைக்குத்தான் இந்த நாட்டில எனக்கு ஒண்டு முழுசா விளங்கினது" என்பார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டினார், பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆசை அப்படியே கிடந்தது. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பயணத்தை ஒழுங்கு செய்து தந்தார்கள். காட்டுக்குள் ஒரு காலை, கொரில்லாவோடு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி.

பயணமென்றால் எங்களுக்கு இடிச்ச சம்பல் இல்லாமல் முடியாது; பொரித்த மிளகாயும் தேங்காயும் சேர்த்து இடிப்பது. அதற்குக் காய்ந்த செத்தல் மிளகாய் பொரிக்கும்போது வீட்டுப் புகை மணி அலறியது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அன்று காலை காட்டின் வாசலில் எட்டுப் பேர் நின்றோம். வழிகாட்டி விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருமல், தடிமன் உள்ளவர்கள் வர முடியாது; மனிதரின் நோய் தொற்றினால் கொரில்லாக்கள் செத்துப்போகும். நான் பின்னால் நின்று இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே சம்பலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்கோ, இந்த ஒரு வாய். வெறும் வயித்தோட மலை ஏறேலாது."

"வேண்டாமப்பா. அவர் கதைக்கிறார், கேப்பம்."

"காதாலை கேளுங்கோ. வாயைத் திறவுங்கோ."

திறந்தார். புரைக்கேறியது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, குனிந்து நின்று இருமினார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். விளக்கம் சொல்ல என் மனுசன் வாயைத் திறக்கும் போதெல்லாம் மறுபடி இருமல் வந்தது. நான் சம்பல் டப்பாவை நீட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். வழிகாட்டி மோந்து பார்த்துச் சிரித்தார். ஆனாலும் தலையை ஆட்டி, "அம்மா, உங்களை நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை பிழையாகிப்போனால் சாகப்போவது அதுகள்" என்றார்.

நானும் இங்கேயே நிற்கிறேன் என்றேன். இவர் விடவில்லை. "நீராவது போய்ப் பாத்திட்டு வாரும். ரண்டு பேரும் பாக்காட்டி நான் ஊருக்குப் போய் என்னத்தைக் கதைக்கிறது?"

மூன்று மணி நேரம் சேற்றில் ஏறினேன். கடைசியில் வழிகாட்டி கை காட்டினார். இலைகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அசைந்தது, கிளை முறியும் சத்தம் கேட்டது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருட ஆசையை ஒரு வாய் பாணால் கெடுத்தேனே என்று அந்த ஒரு மணி நேரமும் அழுதுகொண்டே நின்றேன்.

இறங்கி வந்தபோது வாசலிலிருந்த வாங்குப் பலகையில் சம்பல் டப்பாவை மடியில் வைத்தபடி இருந்தார். "எப்பிடி?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? குட்டி காதைப் பிடித்து இழுத்தது, தகப்பன் மற்றத் தோளில் தூக்கி வைத்தது என்று அவர் சொன்ன கதையையே அவருக்குச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பல வருடம் கழித்து ஒருநாள், விருந்தாளிகள் போன பிறகு கோப்பை கழுவிக்கொண்டே சொன்னார்: "காதை இழுத்தது ஹம்மர்பெஸ்டில. காட்டில நீர் ஒண்டும் வடிவாப் பாக்கேல்லை, என்ன?"

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. கண் வீங்கித்தானே வந்தனீர்."

அடுத்த கிழமையும் ஆட்கள் வந்தார்கள், கதையும் வந்தது. குட்டி காதை இழுக்கும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஓம், நான் கண்டனான்" என்றேன்.