கொல்லமா, தூத்துக்குடியா?

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், அதை எந்த மாநிலத்தில் கேட்பது என்று முதலில் விசாரிக்கிற வக்கீல் தொழில் என்னுடையது. இரண்டு மாநிலத்துக்கு நடுவில் மாட்டியவர்கள் தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

என் கட்சிக்காரி ஜெனிட்டா, தூத்துக்குடிப் பக்கத்துப் புன்னைக்காயல்காரி. கணவர் கொல்லத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். சண்டை முற்றி, மகள் ரோஸியோடு ஒரு மே மாத விடுமுறையில் தாய்வீடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின், மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று தூத்துக்குடியில் வழக்குப் போட்டாள். 'பிள்ளை கொல்லத்துக்காரி, இங்கே விசாரிக்கவே கூடாது' என்று கணவர் தரப்பு மறித்தது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எது என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. கொல்லம் என்று முடிவானால் ஜெனிட்டா ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை தாண்டிப் போக வேண்டும். அவள் வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் இரண்டு நாள் லீவுக்கே முகத்தைத் திருப்புவார்கள். போகாவிட்டால் அவள் இல்லாமலே தீர்ப்பாகி, ரோஸி கைநழுவிவிடுவாள்.

ஞானஸ்நானச் சான்று

முதல் நாள் ஜெனிட்டா பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தது ரோஸியின் ஞானஸ்நானச் சான்றை. எங்கள் கடற்கரையில் எந்த ஆபீசுக்குப் போனாலும் முதலில் நீட்டுவது அதைத்தான். நானும் யோசிக்காமல் முதல் ஆவணமாகச் சேர்த்துவிட்டேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவர்களின் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் இங்கேதான் நடக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நீதிபதிக்கு உறைத்தது. என் காது சூடேறும்படி சொன்னார்: "பிறந்த ஊரைக் கேக்கலம்மா. இப்ப எந்த ஊர்ல தூங்கி எந்திரிக்கா, அதச் சொல்லுங்க."

பள்ளிக்கூடம்

ரோஸி மூன்றாம் வகுப்பு மாணவி என்று கொல்லம் பள்ளியின் சான்றை எதிர்த்தரப்பு தாக்கல் செய்தது. அப்பா டி.சி. வாங்க விடவில்லை. புன்னைக்காயல் பள்ளியில் அது இல்லாமல்தான் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவதாயில்லை. கொல்லம் பள்ளிக்கு மூன்று தடவை எழுதி, ஐந்தாறு தடவை போன் போட்டு, வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். கடைசியில் ஆபீஸ் அம்மா அலுத்துப்போய்ச் சொன்னார்: "பேரு இவிடெ உண்டு மேடம், குட்டி மட்டும் இல்ல."

ஞாயிறு வகுப்பு

நகல் வந்தும் எதிர்த்தரப்பு வக்கீல் அசரவில்லை. லீவுக்கு வந்த பிள்ளை, லீவு நீண்டுவிட்டது, அவ்வளவுதான், டி.சி. இல்லாமல் இங்கே பள்ளியில் சேர்த்ததெல்லாம் கணக்கில் வராது என்றார். இதை எப்படி உடைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா, "ஞாயித்துக்கெழம ஒங்க ஆபீசுக்கு வர முடியாதுக்கா, பிள்ளைக்குப் புதுநன்மை வகுப்பு இருக்கு" என்றாள். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்குக் கோயிலில் வருஷம் முழுக்க நடக்கும் வகுப்பு. மூன்று ஞாயிறு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

வகுப்பெடுக்கும் டீச்சரைப் பதிவேட்டோடு கூண்டில் ஏற்றினேன். ரோஸி ஒரு ஞாயிறுகூட விடவில்லை. "லீவுக்கு வந்த இடத்தில் பொழுதுபோக்காகப் போயிருப்பாள்" என்றார் வக்கீல். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "லீவுக்கு வார பிள்ளைக்கு எங்க கோயில் பங்குல புதுநன்மை கிடையாது சார். அதுக்கு இங்கன குடியிருக்கணும்."

அறைக்குள்

நீதிபதி ரோஸியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே பெஞ்சின் ஒரு கோடியில் அம்மா, மறுகோடியில் அப்பா. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, மறைப்பானேன். ரோஸி சொன்னதை நீதிபதி உத்தரவில் அப்படியே எழுதியிருந்தார்: "நான் இங்கனதான் இருக்கேன். அப்பாதான் அங்கன இருக்காவ."

உத்தரவு

தூத்துக்குடியிலேயே விசாரிக்கலாம் என்று உத்தரவானது. வராந்தாவில் ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள எனக்குத்தானக்கா?" என்றாள். "இல்லளா, அந்த விசாரணை இனிமேத்தான்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா, அடுத்த வாய்தா என்னைக்கி? இங்கனன்னா எத்தன தடவ கூப்பிட்டாலும் வந்து நிப்பேன்."

ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி நாங்கள் ஜெயித்தது, வழக்கை ஆரம்பிக்கும் உரிமையைத்தான்.