கெரியரில் ஏறிய பெட்டி

சிவஞானம் சைக்கிளில் உட்கார்ந்து மலையேறியதை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பாதை அப்படி. காலையில் பிரேக்கைப் பிடித்தபடியே சந்திக்கு இறங்கிவிடுவான். கடையோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, பஸ் ஏறி, பதுளையில் ஸஹாப்தீன் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போவான். சாயங்காலம் திரும்பும்போது மேப்பிரிவில் அவன் குடியிருக்கும் லயம் வரைக்கும் தள்ளத்தான் வேண்டும்.

தள்ளுகிற சைக்கிள் என்றால் அது ஊர்ச் சைக்கிள். அதே பஸ்ஸில் வந்திறங்கும் பெண்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். மாவு மூட்டையைக் கெரியரில் வைப்பார்கள், தேங்காய்ப் பையை ஹேண்டிலில் மாட்டுவார்கள், பிறகு கையை வீசிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி கூடவே நடப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் பெரியாயி. லயத்தில் அவன் வீட்டை ஒட்டிய காம்பராக்காரி. அவன் மூக்கொழுகித் திரிந்த காலத்திலிருந்து பார்த்தவள் என்பதால், தலை நரைத்த பிறகும் அவனை ‘டே’ போட்டுத்தான் கூப்பிடுவாள்.

சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரப் பயல்களுக்கு வாய் சும்மா இருக்காது. “மாமா, நீங்க சைக்கிள வாங்குனீங்களா, சைக்கிள் ஒங்கள வாங்கிருச்சா?” என்பார்கள். சிவஞானமும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் உள்ளே எரியும். இத்தனை வயதில் பொதி சுமக்கிறோமே என்று முதன்முதலாக வெட்கப்பட்டது அப்போதுதான். வெட்கப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று அவனுக்கு அன்றைக்கு யார் சொல்வது?

போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே சைக்கிளுக்கு மோட்டர் பூட்டும் வேலையைக் கற்றுக்கொண்டான். மோட்டர் பூட்டிய முன்சக்கரம் பண்டாரவளையில் ஒருவரிடம் கிடைத்தது. பேட்டரிக்கு அவனே ஒரு தகரப் பெட்டி செய்தான். வீடியோவில் எல்லோரும் பெட்டியைக் கெரியரில்தான் வைத்திருந்தார்கள். அவனும் அங்கேயே வைத்து நட்டுப் போட்டு முறுக்கினான். ஆடாமல் பிடித்துக் கொடுத்தவள் பெரியாயி. முதல் தடவை ஹேண்டில் பிடியை முறுக்கியதும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. லயமே சிரித்தது. “டே, இது ஒன்னய பதுளைக்கே திருப்பிக் கொண்டுபோயிரும்டா” என்றாள் அவள். இரண்டு வயரை மாற்றிப் போட்டான், சரியாகிவிட்டது. அன்றைக்கு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கிய பெரியாயி, வழக்கம்போல மாவு மூட்டையைத் தூக்கிக் கெரியரில் வைக்கப் போனாள். கை தகரத்தில் இடித்தது.

“வயரெல்லாம் இருக்குக்கா, நசுங்கிரும்” என்றான் சிவஞானம்.

“சரிடா” என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். அவனோ ஆட்டோக்காரர்களுக்கு மோட்டரைக் காட்டிப் பெருமையடித்து முடித்துவிட்டுத்தான் ஏறினான்.

சைக்கிள் மலையேறியது. மிதிக்காமலே ஏறியது. ஒரு வளைவில் பெண்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பூட்டிய ஹார்னை அமுக்கினான். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று பாதையோரத் தண்ணிக்கானை ஒட்டி ஒதுங்கித் தலையைத் தாழ்த்தி நின்றார்கள். தோட்டத்தில் அப்படி ஒதுங்குவது ஒரே ஒரு வண்டிக்குத்தான், தோட்டத்து மேனேஜர் தொரை வருகிற வண்டிக்கு. பெரியாயி மட்டும் மெல்ல நிமிர்ந்தாள். வந்தது யாரென்று பார்த்தாள்.

அந்த இடத்திலேயே இறங்கியிருக்கலாம். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விட்டான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் அவன் மனைவி கலாராணி அவனையும் பார்த்தாள், பாதையையும் பார்த்தாள். “அவுங்கெல்லாம் எங்க?”

“பின்னுக்கு வாறாங்க.”

“சாமானெல்லாம்?”

அவன் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தான். தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது மாவு மூட்டை அவள் தலையில் இருந்தது. அவளுக்குப் பின்னால் பெரியாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிவஞானம் எழுந்து உள்ளே போய்விட்டான். தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற ஆளாகிவிட்டோமே என்று கூசிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெட்டியைக் கழற்றினான். தட்டி ஒடுக்கி, சைக்கிளின் நடுப் பாருக்குக் கீழே கட்டினான். மிதித்தால் முழங்கால் உரசியது, உரசட்டும். கெரியர் காலியாகிவிட்டது, அது போதும். பெரியாயி ஒரு வார்த்தை திட்டிவிட்டு மூட்டையை வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினான்.

திங்கட்கிழமை பஸ் வந்ததும் கெரியரைத் தட்டிக் காட்டினான். “வைங்கக்கா. தள்ளிக்கிட்டே வாறேன்.”

பெரியாயி முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

“இருக்கட்டுங்க” என்றாள். “நாங்க மெதுவா வந்துருவோம். நீங்க முன்னுக்குப் போங்க.”

‘நீங்க.’ அவள் வாயிலிருந்து அவனுக்கு அப்படி ஒரு மரியாதை அதுவரை வந்ததில்லை. செருப்பால் அடித்திருந்தாலும் இப்படி வலித்திருக்காது. மோட்டரை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பின்னாலேயே தள்ளினான். மோட்டர் ஏறிய சைக்கிள் முன்னைவிடக் கனம். முதல் வளைவில் சக்கரச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. பெண்கள் சுமையோடு கானோரம் ஒதுங்கி வரிசையாக நின்றார்கள்.

நானும் ஒங்ககூடத்தான் வாறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவன் கடந்து போகட்டுமென்று அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் விட்ட வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.