வருடம் தாண்டிய மழை

கட்டளையைத் தட்டி முடித்த கையோடு என் சித்தி என்டர் விசையை அழுத்துவதில்லை. கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லி அனுப்புவதுபோல், திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிப்பார். "பெரிய ஃபைலுக்குள்ள போ. ஜூன் மாசத்தை மட்டும் எடு. வேற எதையும் தொடாம வா." பிறகுதான் என்டர்.

வானிலைத் தரவு நிலையத்தில் அவருக்கு வேலை. பல பத்தாண்டுகளின் மழையும் வெயிலும் அங்கே ஒரே கோப்பில் கிடக்கும். முழுதாகத் திறந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும். அதனால் கறுப்புத் திரையில் ஒற்றை வரி எழுதி, வேண்டிய காலத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். "முழு ஆட்டை யாராச்சும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா? நான் கறிக்கடைக்காரி. காலத்தைத் துண்டு போட்டுத் தர்றேன்." மவுஸைத் தொடவே மாட்டார். அது தாள்கள் பறக்காமல் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும்.

எதிர் மேசையில் முன்னறிவிப்பு எழுதுபவர். அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

நான் போயிருந்த அன்று சித்தியின் முகம் சரியில்லை. அவர் வீடு இருக்கும் பள்ளத்தெருவுக்கு வெள்ளக் கால்வாய் வெட்டப்போகிறார்கள். இதுவரை பெய்ததிலேயே பெரிய மழைக்காலம் எதுவோ, அதை வைத்துத்தான் கால்வாயின் அகலம். அந்தக் கணக்கை முந்தின நாள் சித்திதான் அனுப்பியிருந்தார். சற்று நேரத்தில் கால்வாய் வரைபடத்தில் இன்ஜினியர் கையெழுத்துப் போடப்போகிறார்.

"எங்க வீட்டு சோபா மிதந்த மழை, பெரிய மழைப் பட்டியல்ல எட்டாவதா நிக்குது" என்றார் சித்தி.

"உங்க சோபா மிதந்தது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஜோசியர்.

"இல்ல, இது புளுகுது."

முந்தின நாள் தட்டிய கட்டளையை மறுபடி வாசித்தார். "நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எடு. வருஷா வருஷம் தனித்தனியா கூட்டு." அங்கேயே நிறுத்தி, நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் மழை நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் ஓயும். நடுவில் வருடம் மாறிவிடும். கணினி காலண்டர்படி நடந்திருக்கிறது. ஜனவரியில் மிச்சமிருந்த பழைய மழையின் வாலையும், நவம்பரில் தொடங்கிய புது மழையின் தலையையும் ஒட்டி, ஒரே மழை என்று கணக்குக் காட்டிவிட்டது. தெருவை மூழ்கடித்த மழை இரண்டாகப் பிளந்து, இரண்டு வருடங்களில் ஒளிந்துகொண்டது.

சித்தி போனை எடுத்தார். "இன்ஜினியர் சார், நேத்து அனுப்புனது தப்பு. நான்தான் தப்பா வெட்டிட்டேன். கையெழுத்து போட்றாதீங்க."

"எல்லாரும் வந்து உக்காந்தாச்சு மேடம்."

"டீ குடுங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துரும்."

விரல்கள் பறந்தன. எல்லாத் தேதிகளையும் இரண்டு மாதம் முன்னே தள்ளச் சொன்னார். நவம்பர் ஜனவரியானது, பிப்ரவரி ஏப்ரலானது. மொத்த மழைக்காலமும் ஒரே வருடத்துக்குள் அடங்கிவிட்டது. கோப்பின் இரு முனைகளிலும் அரைகுறையாக நின்ற மழைக்காலங்களைக் கழித்தார். "முழுசா வராதவங்க எல்லாம் வெளிய நில்லுங்க." இந்த முறையும் வாசித்துவிட்டுத்தான் என்டர்.

பட்டியல் ஓடி வந்து நின்றது. முதல் வரியில் சோபா மிதந்த மழை.

"வாங்க ஜோசியரே, இப்ப சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்ல? அனுப்பு தாயே, டீ ஆறிடும்."

அனுப்பினார். நகம் கடித்தபடி போனையே பார்த்திருந்தார். மணி அடித்தது.

"மேடம், அகலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. பழைய வரைபடத்தை ஓரங்கட்டிட்டோம். பன்னிரண்டு மீட்டர் வரும்."

சித்தி போனை வைத்தார். எழுந்துபோய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து அகலமாக அடி எடுத்து வைக்கத் தொடங்கினார். வழியில் ஜோசியரின் நாற்காலி.

"நகருங்க. கால்வாய்க்கு நடுவுல உக்காந்திருக்கீங்க."

ஆளோடு சேர்த்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை எட்டினார். அறை போதவில்லை. கதவை விரியத் திறந்து, நடைக்கூடத்துக்குள்ளும் அடி வைத்துப் போய்க்கொண்டே இருந்தார்.