கராஜில் தோற்ற வேப்பரைசர்

தொலைபேசி

“பிள்ளை, உந்த மெஷினை அக்குளுக்குள்ள வைச்சு எடுத்துத்தான் பாவிக்கவேணுமோ?”

அறிக்கையின் இறுதிப் பிரதியை வலி நிவாரணக் கிளினிக்குக்கு அனுப்ப நான் கணினி முன் அமர்ந்திருந்தபோது வந்த கேள்வி இது. கேட்டவர் மோர்னிங்சைட்டில் வசிக்கும் புஷ்பமக்கா. அவருடைய கணவர் சிவநேசன், எங்கள் சோதனைக்காகக் கருவியொன்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த நோயாளிகளில் ஒருவர்.

“இல்லையே அக்கா, ஏன் கேக்கிறீங்கள்?”

“இவர் கராஜுக்குள்ள போய், அதை ஜாக்கெட்டுக்குள்ள விட்டு, கோழி அடைகாக்கிற மாதிரி நெடுநேரம் இருக்கிறார். பிறகு எடுத்து ஒருக்கா இழுக்கிறார். திரும்பவும் உள்ளுக்கு விடுறார். நான் கேட்டா, அப்பிடித்தான் பாவிக்கிறது எண்டு சொல்லுறார்.”

மின்னஞ்சலை அனுப்பாமலே மூடிவைத்தேன். எங்கள் மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்ற கருவி அது.

ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா

எங்கள் பரிசோதனைக் கூடம் நாங்கள் குடியேறிய பனி நாட்டின் மில்லிக்கன் பகுதியில், ஒரு பிளாசாவின் பின்புறம், டயர்க் கடைக்கும் கேக் கடைக்கும் நடுவே இருக்கிறது. கேத்தில், ஹீட்டர், மசாஜ் இயந்திரம் என்று மனிதர் வீட்டில் செருகிப் பாவிக்கும் பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடுவது எங்கள் தொழில். உரிமையாளர் நவாஸ் மன்னாரில் பிறந்தவர், என்னைவிட இளையவர். இந்த வேலையில் என் தலை நரைத்தது. என் வியப்பும் மெல்லக் குறைந்தது. எந்தப் பொருளின் பெட்டியிலும் ஒரே வாக்கியம்தான் அச்சிடப்பட்டிருக்கும்: இதைப்போல் வேறொன்றில்லை. அடுத்த பெட்டியிலும் அதுவே இருக்கும்.

கிளினிக் எங்களிடம் கேட்டது இதைத்தான். அங்கே நாள்பட்ட வலிக்காக மருத்துவரின் அனுமதியுடன் கஞ்சா பயன்படுத்தும் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஆஸ்துமா இருந்ததால் புகை ஆகாது. உலர்ந்த இலையை எரிக்காமல், ஆவி எழும் அளவுக்கு மட்டும் சூடாக்கும் கருவிதான் வேப்பரைசர். சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய கருவி ஒன்றை விற்பனையாளர் ஒருவர் கிளினிக்குக்குக் காட்டியிருந்தார். அதை அதன் போட்டிக் கருவிகள் மூன்றுடன் ஒப்பிட்டு, நோயாளிகளுக்கு இரவல் கொடுக்க ஏற்ற ஒன்றைச் சொல்லவேண்டும். ஒன்றே ஒன்று. அதற்கு மேல் வாங்க அவர்களிடம் வசதியில்லை.

பெயர்கள் மனதைச் சாய்க்காதிருக்க, கருவிகளின் முத்திரைகளை மறைத்து அ, ஆ, இ, ஈ என்று நாடா ஒட்டினேன். கஞ்சா வைத்திருக்க எங்களுக்கு உரிமம் இல்லை. ஆகவே உலர்ந்த சீமைச்சாமந்திப் பூவை ஒரே அளவாக அரைத்து, நிறுத்து, ஒவ்வொன்றின் சூடேறும் குழியான சேம்பருக்குள்ளும் அடைத்தோம். உறிஞ்சும் பம்ப் ஒன்று மனித மூச்சைப்போல் இழுத்தது. தெர்மோகப்பிள் வெப்பத்தைச் சொன்னது. பிறகு வறுபட்ட பூவைத் தட்டில் கொட்டிப் பார்ப்போம். வறுத்த மல்லியைப்போல் எங்கும் ஒரே நிறமாக இருந்தால் சூடு சீராகப் பரவியிருக்கிறது. நடுவில் கருமையும் ஓரத்தில் பச்சையும் தெரிந்தால் பாதி மருந்து வீண்.

புதிய கருவியான ‘அ’ அழகாக வேலை செய்தது. விரைவில் சூடேறியது, வெப்பம் தளும்பவில்லை, பொத்தான்கூட இல்லை, விரல் பட்டால் விழிக்கும் கண்ணாடி முகம். ‘ஆ’வும் ‘இ’யும் சுமார். ‘ஈ’யைக் கையில் எடுத்த எல்லோரும் சிரித்தார்கள். பழைய டோர்ச் லைட்டைப்போல் தடித்த உடல், கட்டைவிரல் அளவில் ஒரு பொத்தான், சூடேறச் சோம்பல். போதாக்குறைக்கு மணத்தையும் கசியவிட்டது.

“இத எந்தக் காலத்துல செஞ்சாங்க அக்கா? கள்ளனுக்கு அடிக்கலாம் போல இரிக்கி,” என்றார் நவாஸ்.

கேக் கடைக்காரர் வேறு கதவைத் தட்டி, தன் பட்டர் ஐசிங்கில் மூலிகைத் தைல மணம் ஏறுகிறது என்று முறையிட்டுவிட்டுப் போனார். ‘ஈ’ கடைசி இடத்துக்கு இறங்க அது ஒன்றே போதுமாயிருந்தது.

நல்லம்

முதலிடம் பெற்ற கருவியை நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோய், தங்களுக்குரிய மருந்தையே இட்டுப் பாவித்து, அபிப்பிராயம் சொல்வது சோதனையின் இறுதிக் கட்டம். எல்லோரும் நன்றாகவே சொன்னார்கள். அவர்களுள் மிக நன்றாகச் சொன்னவர் சிவநேசன் அண்ணை.

பாடசாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். நீரிழிவு அவருடைய நரம்புகளைத் தின்றிருந்தது. பாதங்களில் போர்வை பட்டாலும் நெருப்பாய் எரியும். காலுறை அணிந்து நெடுநாளாகிவிட்டது என்றார். விரல் நுனிகளிலோ உணர்ச்சியே குறைவு. வாயில் விடும் கஞ்சா எண்ணெய்த் துளிகள் வேலை செய்யத் தொடங்குவதற்குள் பாதி மாலை போய்விடுகிறது. இந்த ஆவி ஒன்றுதான் நோவு ஏறும் வேளைக்கே கைகொடுக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார். மனைவியோடு அமர்ந்து ஒரு நேரச் சாப்பாட்டை இடையில் எழும்பாமல் முடிக்கவேண்டும் என்பது அவர் என்னிடம் சொன்ன ஆசை.

புஷ்பமக்காவின் அழைப்புக்குப் பிறகு, கருவி குளிரில் நின்றுபோகிறது என்று ஊகித்து, சிவநேசன் அண்ணையுடன் பேசினேன்.

“அண்ணை, கருவி நிண்டு போகுதெண்டு ஏன் சொல்லேல்ல?”

“சீச்சீ, நல்ல சாமான் பிள்ளை. கொஞ்சம் குளிருக்குப் பஞ்சிப்படுது, எழும்பமாட்டன் எண்டுது. நானும் அப்பிடித்தானே?”

“எத்தினை தரம் நிண்டது?”

“நான் நல்லமில்லை எண்டு சொன்னா, உங்கட வேலைக்கு ஏதும் பிழை வராதோ? சும்மா தந்த சாமானுக்குக் குறை சொல்லலாமோ? பிறகு திருப்பி வாங்கிப்போடுவியள்.”

எங்கள் மக்களிடையே நான் அடிக்கடி காணும் பண்பு இது. விருந்தில் உப்புக் கூடினாலும் “நல்லம்” என்று சொல்லி எழும்புவார்கள். அந்த மரியாதையை எந்தக் கேள்வித்தாளும் வடிகட்டுவதில்லை. இளைய சகாக்களுக்கு நான் சொல்வது: நம்மவர் ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், அதை அவர் எங்கே வைத்துப் பாவிக்கிறார் என்று உடனே கேளுங்கள்.

அவர் பாவித்த இடம், ஹீட்டர் இல்லாத கராஜ். அதற்குக் காரணமும் இருந்தது. புஷ்பமக்கா வீட்டின் பேஸ்மென்டில் கலியாணப் பட்டுகளுக்குப் பிளவுஸ் தைப்பவர். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் தைத்த பிளவுஸை மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மீன் வாங்கப் போனனோ, பிளவுஸ் வாங்க வந்தனோ?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து மணமுள்ள எதற்கும் அந்த வீட்டுக்குள் இடமில்லை. பல தமிழ் வீடுகளில் இருப்பதுபோல் அங்கும் கராஜில் காஸ் அடுப்பு வைத்து, கதவைப் பாதி உயர்த்தி, மீன் பொரித்தார்கள். கிளினிக் மருந்தின் வாசனை வந்தபோது அதுவும் அதே கதவால் வெளியேற்றப்பட்டது. மருந்தோடு மனிதரும் போனார்.

நாங்களோ கருவிகளை எப்போதும் ஒரே இதமான வெப்பத்தில் இருக்கும் அறையில் சோதித்திருந்தோம்.

நவாஸிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“கரெக்ட்தான் அக்கா. ஆனா ரிசல்ட்ட பாத்த பொறகு ரூல மாத்துறது களவு எண்டு எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கதானே. இப்ப குளிருக்கு மார்க்ஸ் போட்டா, நாளைக்கு ஒருத்தர் வந்து மழைக்குப் போடச் சொல்லுவாரு.”

அவர் சொன்னது சரி. மதிப்பெண்ணைத் தொடமாட்டேன், கராஜுக்குப் போய்ச் சோதித்துக் காண்பதை இணைப்பாக மட்டும் எழுதுவேன் என்றேன்.

“அப்ப போயிட்டு வாங்க. தெர்மல் சொக்ஸ் போடுங்க,” என்றார்.

கராஜ்

தை மாதக் குளிரில் நான்கு கருவிகளையும் கொண்டு மோர்னிங்சைட் போனேன். சிவநேசன் அண்ணை மடிப்பு மேசை ஒன்றை விரித்துத் தந்தார். பக்கத்தில் காஸ் அடுப்பு, மீன் பொரித்து எண்ணெய் கறுத்த தாச்சி, பனி அள்ளும் மண்வெட்டி. ஆவி வெளியேற வழி வேண்டுமென்பதால் கதவைச் சற்று உயர்த்தினோம். கருவிகள் குளிர்ந்து கராஜின் நிலைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

ஸ்டொப்வொட்ச் பிடிக்க ஒருவர் தேவைப்பட்டார். புஷ்பமக்கா வந்தார். வீட்டுச் செருப்போடு, தோளில் ஒரு சால்வை மட்டும்.

“அக்கா, ஜாக்கெட் போடுங்கோ.”

“உதென்ன, நான் நாள் முழுக்க நிண்டு மீன் பொரிக்கிற இடம்தானே.”

முதலில் ‘அ’. சிவநேசன் அண்ணை கையுறையுடன் தொட்டபோது கண்ணாடி முகம் விழிக்கவில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டார். அவருடைய மரத்த விரலையும் அது மதிக்கவில்லை; தனியே இருக்கும்போது பல தரம் தட்டித்தான் எழுப்புவாராம். நான் வெறுங்கையால் தொட்டதும் விழித்தது, சூடேறத் தொடங்கியது, சிவப்பாகச் சிமிட்டியது, அணைந்தது. குளிரில் பற்றரி தளர்ந்துபோய், சூடாக்கக் கேட்ட மின்சாரத்தைக் கொடுக்க முடியவில்லை. மறுபடியும் அதே கதை. ‘ஆ’வும் ‘இ’யும் சூடேறின; ஆனால் குளிர்காற்றை உள்ளிழுத்தவுடன் வெப்பம் சரிந்தது. ‘ஈ’ வழக்கம்போல் சோம்பலாக, மணத்தைக் கசியவிட்டபடி, ஏறவேண்டிய இடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது.

“தடியன் வெண்டிட்டான்,” என்று சிவநேசன் அண்ணை கைதட்டினார்.

புஷ்பமக்கா சிரிக்கவில்லை. ஒரு காலை மறு காலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, இஞ்சை எப்பவும் இவ்வளவு குளிரோ?”

“ஓம்.”

“எனக்குத் தெரியேல்லையே.”

“நீ நிக்கேக்க அடுப்பு எரியும்,” என்றார் அவர். அவருடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. கருவியைப் பற்றிச் சொன்ன அதே தொனிதான்.

புஷ்பமக்கா அடுப்பைப் பார்த்தார். பிறகு கணவரின் பாதங்களைப் பார்த்தார். காலுறையின்றி, முன்பக்கம் திறந்த ரப்பர்ச் செருப்புக்குள், ஊதாவேறி இருந்தன. ஸ்டொப்வொட்ச்சை நிறுத்த மறந்துவிட்டார். அந்தக் கடைசி அளவீட்டை நான் ஒதுக்கவேண்டியதாயிற்று.

முதற்பக்கம்

இணைப்பைக் கவனமாக எழுதினேன். சூடற்ற இடத்தில் பாவிப்போருக்கும் விரல் உணர்ச்சி குறைந்தோருக்கும் ‘அ’ பொருந்தாது; அத்தகையோருக்காக ‘ஈ’யில் சிலவாவது வாங்கவேண்டும் என்பது என் பரிந்துரை. கிளினிக்கிலிருந்து கனிவான பதில் வந்தது. ஒரே வகைக் கருவியைத்தான் தாதியர் விளக்கிப் பழுதுபார்க்க இயலும்; முதற்பக்க முடிவின்படி ‘அ’வையே வாங்குகிறோம்; இணைப்புக்கு நன்றி. நான் எழுதிய இணைப்புகளுக்கு நேரும் வழக்கமான கதிதான் இது. நான் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் ஓய்வெடுத்த உடல் வேண்டும்.

சிவநேசன் அண்ணைக்கும் ‘அ’வே கிடைத்தது. கிளினிக் கேட்ட பின்தொடர் விசாரணைக்காக மாசி மாதக் கடைசியில் அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது, அக்குள் வைத்தியத்தை மறுபடி காணப்போகிறேன் என்ற சலிப்போடுதான் மணியை அழுத்தினேன்.

கராஜ் கதவு முழுதாக மூடியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன்: அதனுள்ளே, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளில் கலியாணப் பட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. தைத்து முடித்த பிளவுஸ்கள் உறையிட்டுக் கம்பியில் தொங்கின. காஸ் அடுப்பைக் காணவில்லை. தாச்சி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

பேஸ்மென்டில், சற்றே திறந்த சன்னலுக்கு அருகே, பட்டுகள் முன்பு இருந்த இடத்தில் ஒரு சாய்நாற்காலி. அதில் சிவநேசன் அண்ணை. கருவியின் கண்ணாடி முகம் பச்சையாக ஒளிர்ந்தது. அதைத் தொட்டு எழுப்பிக் கொடுத்த விரல் புஷ்பமக்காவுடையது. தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்து, தொட்டுவிட்டு, மறுபடி தையலுக்குப் போனார்.

“மெஷின் எப்பிடி அண்ணை?”

“நல்லம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “இந்தமுறை உண்மையா, பிள்ளை. ஆனா மீன் பொரியல் நிண்டுபோச்சு. அதையும் எழுதுங்கோ.”

“இந்த வீட்டில ஒரு மணத்துக்குத்தான் இடமிருக்கு,” என்றார் புஷ்பமக்கா, துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “எது வேணுமெண்டு அவரையே கேட்டனான்.”

சிவநேசன் அண்ணையின் வலது காலில் சாம்பல் நிறக் காலுறை ஒன்று இருந்தது. மற்றக் கால் வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, “அவசரப்படக்கூடாது,” என்றார்.

அன்று அவர்களோடு சாப்பிட்டேன். பொரியல் இல்லை, மூடி போட்டுக் காய்ச்சிய மீன் குழம்புதான். இடையில் ஒருமுறை அவர் எழும்பினார்; சற்று நேரத்தில் திரும்பி வந்து அமர்ந்தார். புஷ்பமக்கா அதுவரை அவருடைய சோற்றின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எங்கள் மதிப்பெண் பட்டியல் ‘அ’வைத்தான் முதலில் வைத்தது, அந்த வீட்டில் இப்போது ‘அ’ நன்றாகத்தான் வேலை செய்கிறது. கருவியில் எதுவும் மாறவில்லை. அதை நாங்கள் சோதித்த அறைக்கு நிகரான ஓர் இடத்தை, பட்டுகளை அகற்றி, ஒரு பெண் உண்டாக்கினாள். இதை எந்தக் கட்டத்தில் பதிவுசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு, கேத்திலோ ஹீட்டரோ எதுவாக இருந்தாலும், சோதனைக்கு முன் நிரப்பும் எங்கள் புரோட்டோக்கால் படிவத்தின் தலைப்பில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன். இதை எங்கே வைத்துப் பாவிப்பார்? அவரை அங்கே அனுப்பியது யார்?

நவாஸ் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லா வரிகளுக்கும் எதிரே அளவின் அலகைக் குறிக்கவேண்டும் என்பது அவருடைய விதி.

“முதல் கேள்விக்கு டெம்பரேச்சர் எழுதலாம். ரெண்டாவதுக்கு என்ன யூனிட் அக்கா?”

“வெறுமையா விடுங்கோ,” என்றேன்.

அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நவாஸ் அதை அழிக்கவில்லை.