அடையாற்று மடவை

யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து ஊர்ப்பக்கம் போயிருந்த நாங்கள் மயிலாப்பூர் திரும்பிய அன்று, குழந்தைக்குத் தூளி கட்டிவிட்டு என் கணவர் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். அறுந்துவிடுமோ என்று நான் பதறும்போதே அது 'டங்' என்றது. அண்ணனின் மூங்கில் வில்லும் அப்படித்தான் ஒலிக்கும்.

அந்த வில்லை நான் பிடித்த காலத்தில் எனக்குப் பத்து வயது. அடையாற்று முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, அம்பெய்து மீன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக ஒன்றின் மேலும் படவில்லை.

"மீனெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்குது. இன்னிக்கும் தப்புச்சுன்னா இனிமே வில்லைத் தொடக்கூடாது, இன்னா?" என்றான் அண்ணன்.

அம்பைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். ஒடிந்ததுபோல் தெரிந்தது, வெளியே எடுத்தால் நேராக இருந்தது. அப்படியானால் மீனும் தெரிகிற இடத்தில் இல்லையோ? எதையும் இருமுறை சந்தேகப்படுகிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. மீனை விட்டு, அதற்குக் கீழே தெரிந்த வெறும் மணலைக் குறிபார்த்து எய்தேன்.

அம்பு துள்ளியது. நுனியில் முழ நீளத்துக்கு ஒரு மடவை மீன்!

"ஏய், எப்படிடி?"

எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் அப்பாவுக்குத்தான். அன்று ஜெபம் முடிந்ததும் அதை அவரே எடுத்து என் தட்டில் வைத்தார்.

"வேட்டைக்காரி சாப்பிடட்டும்."

எப்படி என்று அண்ணனுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.