சாவி வேண்டாம்

கிழக்கேகோட்டையிலிருந்து வித்துரா போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். காதுக்கு மேலே லாடம் மாதிரி ஒரு தழும்பு. நான் போனில் தமிழ் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அண்ணாச்சி, பக்கத்துல யாரு இருந்தாலும் ஒண்ணு சொல்லிருவேன். தலையில ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. வலிப்பு வரலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு. இதுவரைக்கும் வரல. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலன்னா ஆஸ்பத்திரி."

"சரி" என்றேன்.

"கையில சாவியை மட்டும் திணிச்சிராதீங்க. அதனால ஒண்ணும் நிக்காது. நம்ம ஆளுங்க முதல்ல அதைத்தான் தேடுவாங்க."

"சேச்சே, நான் படிச்சவன்."

பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த நிம்மதியில் அவர் நெடுமங்காடு வருவதற்குள் தூங்கிப்போனார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தலை என் தோளில் முட்டியது. ஒவ்வொரு முட்டலுக்கும் எனக்குத்தான் உடம்பு உதறியது.

வித்துராவில் கண் விழித்தார். "நல்லாத் தூங்கிட்டேன், அண்ணாச்சி" என்று கையை நீட்டினார். என்னால் கையைத் திறக்க முடியவில்லை. உள்ளே என் வீட்டுச் சாவி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அவர் என் மூடிய கையையே பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.